பழைய சத்தத்துக்கு ஒரு பெடல்

மார்ச் 3, ஞாயிறு

அண்ணன் மதியம் சாப்பிட வந்திருந்தான். சாப்பிட்டுத் தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, ஏதோ உடைந்த நாற்காலியைப் பற்றிச் சொல்கிற மாதிரி, டிரம் செட்டை விற்கப் போவதாகச் சொன்னான். மாதக் கடைசியில் ஒருவர் வந்து எடுத்துக்கொள்வாராம். என் வீட்டுக்காரருக்குக் குடித்த தண்ணீர் புரையேறிவிட்டது.

அண்ணி இறந்து போனதிலிருந்து அந்த டிரம் மேல் ஒரு படுக்கை விரிப்பு போர்த்தியே கிடக்கிறது. நான் தையல் வேலை பார்க்கும் ஹோட்டல் சலவைப் பிரிவில் கழித்துப் போட்ட விரிப்பு. நான்தான் கொடுத்தேன். தூசி விழாமல் இருக்கட்டும் என்று கொடுத்தேனே தவிர, முகத்தை மூடுகிற மாதிரி ஒரேயடியாக மூடச் சொல்லவில்லை.

பதினெட்டு இருபது வயதில் நாங்கள் நான்கு பேர் சேர்ந்து ஹெவி மெட்டல் வாசித்தோம். அண்ணன் டிரம். நான் கிட்டார். இப்போது என் வீட்டுக்காரராக மாட்டிக்கொண்டிருப்பவர் பேஸ் கிட்டார். அண்ணி பாட்டு. அப்போது அவள் அண்ணி இல்லை, பக்கத்துத் தெருப் பெண். பாட்டு என்றால் கொஞ்சுகிற பாட்டு இல்லை, மரம் அறுக்கிற வாள் மாதிரி ஒரு குரல். அவள் வாயைத் திறந்தால் படுத்திருக்கும் நாய் எழுந்து அடுத்த தெருவுக்குப் போய்விடும். எங்கள் கூட்டத்துக்குப் பெயர் கூடக் கிடையாது. என்ன பெயர் வைப்பது என்று சண்டை போட்டே காலம் போய்விட்டது.

"சரி, வித்துக்கோ. ஒரே ஒரு தடவை உட்கார்ந்து வாசிச்சுட்டு வித்துக்கோ" என்றேன்.

கொஞ்சம் யோசித்தான். "உன் கிட்டார்ல அந்தப் பழைய சத்தம் வந்தா வாசிக்கறேன். வரலேன்னா இதைப் பத்தி இனிமே பேசக் கூடாது."

கெட்டிக்காரன். அந்தச் சத்தத்தைக் கொடுத்தது ஒரு சிவப்புப் பெடல். காலால் மிதித்தால் கிட்டார் ஒலியைக் கிழித்துக் கரகரவென்று ஆக்கித் தரும் சின்ன இரும்புப் பெட்டி. அது தண்ணீர் புகுந்து எப்போதோ செத்துவிட்டது. முடியாததைக் கேட்டால் வாயை மூடுவேன் என்று கணக்குப் போட்டிருக்கிறான். கூடப் பிறந்து இத்தனை வருஷமாகியும் என் வாயைப் பற்றி அவனுக்குத் தெரியவில்லை.

மார்ச் 5, செவ்வாய்

பீரோ மேலிருந்து கிட்டாரை இறக்கினேன். விரல் நுனியெல்லாம் வெண்ணெயாகிவிட்டது. அரை மணி வாசித்ததற்கே கத்தரிக்கோல் பிடிக்க முடியவில்லை. வீட்டுக்காரர் பார்த்துவிட்டு, பாத்திரம் தேய்க்காமல் தப்பிக்க இவ்வளவு பாடா என்றார். அவர் பேஸைத் துடைக்க என் நல்ல துண்டை எடுத்திருக்கிறார் என்பதை நானும் பார்த்துவிட்டேன். சொல்லவில்லை. சமயம் வரும்.

மார்ச் 9, சனி

இசைக்கருவிக் கடைக்குப் போனேன். கடைக்காரருக்குத் தாடி மார்பு வரை. பையனுக்கா அக்கா என்று கேட்டார். எனக்குத்தான் தம்பி, அக்கம்பக்கத்தில் எல்லாரும் ரொம்ப நிம்மதியாக இருக்கிறார்கள் என்றேன். அதோடு தோஸ்த் ஆகிவிட்டோம்.

கண்ணாடி அலமாரியில் மூன்று தட்டு. மேல் தட்டில் இருப்பது பார்த்துவிட்டுப் பெருமூச்சு விட. நடுத்தட்டு கனவில் வர. என் தட்டு அடித்தட்டு. தரையில் உட்கார்ந்துதான் பார்க்க வேண்டும். அதற்குக்கூட முட்டி சம்மதிக்க வேண்டும்.

அதிலேயே எத்தனை தினுசு. எல்லாவற்றிலும் 'கெய்ன்' என்று ஒரு திருகு இருக்கிறது. அதைத் திருகத் திருகச் சத்தம் கிழிந்துகொண்டே போகும். மெட்டலுக்கு நன்றாகக் கிழிய வேண்டும். மண்டையோடு வரைந்த கறுப்புப் பெட்டியை மிதித்தேன். ஐயோ, லாரி லோடு கவிழ்ந்த மாதிரி! கடையில் பியானோ பார்க்க வந்த அம்மா ஒருவர் குழந்தையின் காதைப் பொத்திக்கொண்டார். ஆரஞ்சுப் பெட்டி கீச்சென்று மெலிசாக, ஊசி குத்துகிற மாதிரி. சாம்பல் நிறத்தில் ஒன்று, யாரோ வாங்கித் திருப்பிக் கொடுத்தது, பெயின்ட் உரிந்து அழுக்காக. அதன் சத்தமும் அதே லட்சணம், மூக்கடைத்தவன் பேசுவது போல.

எது வேண்டும் என்று தாடிக்காரர் கேட்டபோதுதான் எனக்கே உறைத்தது — பழைய சத்தம் பழைய சத்தம் என்கிறேனே, அது எப்படி இருந்தது? நெஞ்சில் இருக்கிறது. காதில் இல்லை.

மார்ச் 10, ஞாயிறு

டேப் இருக்கிறது! நாங்களே பதிவு செய்த ஒரே கேசட். அண்ணி என் கல்யாணத்துக்குக் கொடுத்தது. எல்லாரும் பாத்திரம் கொடுத்தார்கள், இவள் இரைச்சலைக் கொடுத்தாள். புடவைக்கு அடியில் பத்திரமாக இருந்தது. போட்டுக் கேட்க எங்களிடம் இயந்திரம் இல்லை. ஹோட்டல் காவலாளி ஒரு டேப் ரெக்கார்டர் வைத்திருக்கிறார். இரண்டு தலையணை உறை தைத்துத் தருவதாகச் சொல்லி இரவல் வாங்கி வந்தேன்.

கேட்டேன். எப்படிச் சொல்வது? சின்னதாக இருந்தது. கிட்டார் மெலிசாக, கீச்சென்று. டிரம் அவசர அவசரமாக. அண்ணி குரல் கூடச் சின்னப் பெண் சிணுங்குகிற மாதிரி.

சரிதான். அப்போது எங்களுக்கு என்ன வயது? படித்த பள்ளிக்கூடத்துக்குத் திரும்பப் போனால் பெஞ்சு முழங்கால் உயரம்கூட இருக்காதே, அது போலத்தான். இத்தனை நாள் மனசுக்குள் தண்ணீர் ஊற்றி ஊற்றி வளர்த்துவிட்டோம். கொஞ்சம் வருத்தமாக இருந்தது. ஆனால் சத்தம் கிடைத்துவிட்டதே. ஆரஞ்சுப் பெட்டி அச்சு அசல் இதுதான்.

மார்ச் 13, புதன்

ஆரஞ்சை வாங்கிவிட்டேன். கேட்பது அண்ணன்தான், நான் வெறும் தங்கச்சி; பிடிக்காவிட்டால் மாற்றிக்கொள்ளலாமா என்று தாடிக்காரரிடம் முன்னாலேயே கேட்டு வைத்தேன். கீறல் விழாமல் கொண்டு வாருங்கள் என்றார்.

டேப்பை ஓடவிட்டு அதோடு சுருதி சேர்த்தேன். முறுக்கினேன், முறுக்கினேன் — படார். கம்பி அறுந்து புறங்கையில் ஒரு கோடு போட்டுவிட்டது. அப்போது எப்படி இவ்வளவு இறுக்கி வாசித்தோம்? என் ஞாபகத்தில் கம்பிகள் துணிக்கொடி மாதிரித் தொளதொளவென்று இருந்தன. ஞாபகத்தை நம்பி எதையும் செய்யக் கூடாது போல. புதுக் கம்பி மாட்டினேன்.

மார்ச் 17, ஞாயிறு

இன்றைக்கு நடந்ததை எழுதவே பிடிக்கவில்லை.

அண்ணன் வீட்டுக்கு நானும் வீட்டுக்காரரும் கிட்டார், பேஸ், ஆம்ப்ளிஃபையர் எல்லாம் தூக்கிக்கொண்டு மாடி ஏறினோம். ஊருக்கெல்லாம் லிஃப்ட் பழுது பார்க்கிறவன் வீட்டுக்கு லிஃப்ட் கிடையாது. வீட்டுக்காரர் ஒவ்வொரு படியிலும் அதைச் சொல்லிக்கொண்டே வந்தார்.

வாசித்தேன். அண்ணன் கதவில் சாய்ந்து கேட்டான். முடிந்ததும், "கொசு" என்றான்.

எனக்குச் சுருக்கென்றது. நீதான் மறந்துட்டே, நம்ம சத்தம் இதுதான், சாட்சி இருக்கு என்று சொல்லி டேப்பைப் போட்டுவிட்டேன். யோசிக்க வேண்டாமா? ஒரு நிமிஷம் யோசிக்க வேண்டாமா நான்? கிட்டாருக்குப் பின்னாலேயே அண்ணி குரல் வந்தது. அந்தச் சிணுங்கல்.

அவன் வந்து அதை நிறுத்தினான். கோபமில்லை. மெதுவாகத்தான் நிறுத்தினான்.

"இது அவ இல்ல" என்றான். பிறகு சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றான். கழுவ அங்கே ஒரு பாத்திரமும் இல்லை.

அந்தக் கேசட்டின் இன்னொரு பிரதி அவனிடமும் இருக்கிறதாம். அண்ணி போன பிறகு அவனும் யாரிடமோ இயந்திரம் வாங்கிப் போட்டுக் கேட்டிருக்கிறான். அன்றைக்கே டிரம்மை மூடிவிட்டானாம். படி இறங்கும்போது வீட்டுக்காரரிடம் சொல்லியிருக்கிறான். "அவ குரல் எனக்கே மறந்து போச்சு மாப்ள. ஞாபகத்துல இருக்கறது வேற, டேப்ல இருக்கறது வேற. எது நிஜம்னு தெரியல."

இத்தனை நாள் இதை வைத்துக்கொண்டா இருந்தான். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நானும் வாய் ஓயாமல் கேலி பேசினேனே தவிர, ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மார்ச் 18, திங்கள்

வீட்டுக்காரர் காலையில் இருந்து என்னை ஒன்றும் கிண்டல் செய்யவில்லை. நிலைமை அவ்வளவு மோசம்.

மார்ச் 20, புதன்

சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. ஒழுங்காக எழுதுகிறேன்.

சலவைப் பிரிவில் விரிப்புகளைத் தேய்த்துத் தள்ளும் பெரிய உருளை இயந்திரம் காலையிலிருந்து சண்டித்தனம். விரிப்பு உள்ளே போனால் ஆடி அசைந்து வருகிறது, வரும்போது மஞ்சள் பூத்துத் தீய்ந்த வாசனை. பழுது பார்க்கிறவர் பக்கத் தகட்டைக் கழற்றினார். "ஒண்ணுமில்லம்மா, பெல்ட் தொய்ஞ்சு போச்சு. அதான் மெதுவா சுத்துது" என்றார்.

கையில் தலையணை உறையோடு அப்படியே நின்றுவிட்டேன்.

அந்தக் காலத்து எங்கள் டேப் ரெக்கார்டர்! அது அண்ணியுடையது. உள்ளே இருக்கிற ரப்பர் பெல்ட் அறுந்து போய், காய்கறிக் கட்டில் வந்த ரப்பர் பேண்டை மாட்டி அவளே சரி செய்தாள். என்னமோ விண்வெளிக்கு ராக்கெட் விட்ட மாதிரி ஒரு மாதம் பீற்றிக்கொண்டாள். அது தொய்ந்த ரப்பர். எல்லாப் பாட்டையும் மெதுவாகத்தான் ஓட்டியிருக்கிறது! அதில் கேட்டுத்தான் பாட்டுக் கற்றோம். அதோடு சேர்த்துத்தான் கம்பியைத் தளர்த்தினோம். உலகமே அப்படித்தான் வாசிக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தோம். அந்தப் பாட்டுக்காரர்கள் நாங்கள் வாசித்ததைக் கேட்டிருந்தால், யார் இந்த யானைகள் என்று பயந்திருப்பார்கள்.

எங்கள் பாட்டைப் பதிவு செய்ததும் அதே இயந்திரத்தில். மெதுவாக ஓடிப் பதிந்ததை ஒழுங்கான இயந்திரத்தில் போட்டால் வேகமாக, கீச்சென்று வரும். வராமல்?

மகள் மருந்துக் கடை வேலை முடிந்து வந்ததும் வராததுமாகப் பிடித்து உட்கார வைத்தேன். டேப்பைத் தன் போனில் பதிந்தாள். அதில் விரலால் இழுத்து வேகத்தைக் குறைக்க ஒரு கோடு இருக்கிறது. எவ்வளவு குறைக்க என்று கேட்டாள். உன் அத்தை உன் அத்தையாகும் வரைக்கும் என்றேன். கொஞ்சம் குறைத்தாள். இன்னும் என்றேன். இன்னும். இன்னும் கொஞ்சம்.

நிறுத்து என்றேன்.

மரம் அறுக்கிற வாள். நடுவில் வார்த்தை மறந்து, அதை மறைக்க ஒரு கெட்ட வார்த்தையைச் செருகிப் பாடுகிறாள். அவளேதான்.

மகள் என் முகத்தைப் பார்த்தாள். முதலிலிருந்து மறுபடி போட்டாள்.

மார்ச் 23, சனி

மறுபடி கடை. இந்தத் தடவை கம்பியை அந்தப் பழைய தொளதொளப்புக்குத் தளர்த்திக்கொண்டு, பேஸோடு வீட்டுக்காரரையும் இழுத்துக்கொண்டு போனேன். ஆரஞ்சைத் திருப்பிக் கொடுத்தபோது தாடிக்காரர் கீறல் இருக்கிறதா என்று மட்டும் பார்த்தார். வீட்டுக்காரர்தான், இவ கல்யாணத்தன்னிக்கே இந்த மாதிரி மாத்திக்கலாமான்னு கேட்டவ தம்பி என்றார். கேட்டேன்தான். இன்னும் பதில் வரவில்லை.

முதலில் அந்த மண்டையோட்டுக் கறுப்பு. தனியாக வாசித்தால் லாரி கவிழ்கிறது. வீட்டுக்காரர் பேஸோடு சேர்ந்ததும் — என் கிட்டார் எங்கே? காணோம். விரல் ஓடுகிறது, சத்தம் கூட்டத்தில் தொலைந்த குழந்தை மாதிரி எங்கேயோ போய்விட்டது. தாடிக்காரர் சொன்னார், அக்கா, இது மேல் சத்தத்தையும் அடி சத்தத்தையும் ஊதிப் பெரிசாக்கி, நடுவைச் சுரண்டி எடுத்துவிடுகிறது. கிட்டார் குடியிருப்பதே நடுவில்தான். தனியாக வாசிக்கும்போது தெரியாது, அதனால்தான் பாதிப் பேர் இதை வாங்கிவிட்டு அடுத்த மாதம் திரும்பி வருகிறார்கள்.

அப்புறம் அந்த அழுக்குச் சாம்பல். அதில் நடு சத்தத்துக்கென்று தனியாக ஒரு திருகு. அதை ஏற்றி, கெய்னைப் பாதிக்குக் கொஞ்சம் மேலே நிறுத்தி வைத்தார். இன்னும் கிழியட்டும் தம்பி என்றேன். ரொம்பக் கிழித்தால் கஞ்சியாகிவிடும் அக்கா, அடி தனித்தனியாக விழாது என்றார். தனியாகக் கேட்டால் அதே மூக்கடைப்புதான். பேஸ் சேர்ந்தது. அம்மாடி! தளர்ந்த கம்பி உறுமுகிறது, ஒவ்வொரு அடியும் சுவரில் ஆணி அடிக்கிற மாதிரித் தனியாக நிற்கிறது. வீட்டுக்காரர் வாசிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். பெண் பார்க்க வந்த அன்றைக்குக்கூட அப்படிப் பார்க்கவில்லை.

இதை ஏன் திருப்பிக் கொடுத்தார்கள் என்று கேட்டேன். வீட்டில் தனியாக வாசிக்கிறவர், நன்றாக இல்லை என்று கொடுத்துவிட்டாராம்.

மார்ச் 24, ஞாயிறு

அண்ணன் கதவைத் திறக்கவே யோசித்தான். நீ பேசக் கூடாதுன்னு சொன்னே, நான் பேச வரல, வாசிக்க வந்தேன் என்று உள்ளே நுழைந்துவிட்டேன்.

வாசித்தோம், நாங்கள் இரண்டு பேரும். அவன் கதவில் சாய்ந்துதான் நின்றான். பாதியில் அவன் வலது கால் தரையைத் தட்ட ஆரம்பித்தது. அவன் அதைக் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன். கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. என் ஆயுளில் இதுவே பெரிய சாதனை.

முடித்ததும் ரப்பர் பேண்ட் கதையைச் சொன்னேன். அவனுக்குப் புரிய ஒரு நொடிகூட ஆகவில்லை. நாள் முழுக்கச் சக்கரமும் கயிறும் பார்க்கிறவன். முகம் என்னமோ ஆகிவிட்டது.

"அப்போ டேப்ல..." என்றான்.

மகளின் போனைக் கையில் கொடுத்தேன். இங்கே கேட்காதே, உள்ளே போய்க் கேள் என்றேன். அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். நானும் வீட்டுக்காரரும் வேர்க்கடலை கொறித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். ஒரு பொட்டலம் முழுக்க. கதவுக்குப் பின்னால் ஒரே பாட்டு மறுபடி மறுபடி. அந்தக் கெட்ட வார்த்தை வருகிற இடத்தில் ஒரு தடவை அவன் சிரித்தது கேட்டது. வீட்டுக்காரர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். தூசி என்றார். அவருக்கு எப்போதும் தூசிதான்.

வெளியே வந்தான். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. போனை என்னிடம் கொடுத்துவிட்டு, "நான் நினைச்சு வச்சிருந்த மாதிரியேதான்டி இருக்கா" என்றான்.

டிரம் மேலிருந்த விரிப்பை எடுத்து நான்காக மடித்தான். மடித்த விதம் சரியில்லை, எங்கள் பிரிவில் திருப்பி அனுப்பிவிடுவோம். நான் சொல்லவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்தான்.

"உன் கிட்டார் அப்போ இன்னும் கொஞ்சம் அழுக்கா இருந்துச்சு. இது அது இல்ல" என்றான்.

"அப்போ எழுந்திருக்கறியா?"

"யார் சொன்னா? நாலு எண்ணு."

எண்ணினேன். மூன்றாவது அடியிலேயே தாளம் பிசகியது. யார் பிசகினார்கள் என்று மூன்று பேரும் சண்டை போட்டோம். அந்தச் சண்டை மட்டும் துளிகூட மாறவில்லை.

மார்ச் 30, சனி

டிரம் வாங்குகிறவர் வந்தாராம். டீ குடித்துவிட்டுப் போய்விட்டாராம். அண்ணனே சொன்னான். நான் வேறு பேச்சு பேசினேன்.

ஏப்ரல் 7, ஞாயிறு

வாசித்தோம். அவனுக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. எனக்கு இரண்டு விரலில் கொப்புளம். வீட்டுக்காரருக்கு ஒன்றும் இல்லை, அவர் எப்போதும் போலக் குறைவாகத்தான் உழைக்கிறார். கீழ் வீட்டுக்காரர் மேலே வந்து, இது எத்தனை மணி வரைக்கும் என்று மரியாதையாகக் கேட்டுவிட்டுப் போனார்.

பாட்டு வருகிற இடங்களில் யாரும் பாடுவதில்லை. அந்த இடங்களில் சும்மா வாசித்துக் கடந்து போகிறோம்.

ஏப்ரல் 21, ஞாயிறு

காய்கறி மண்டிக் கட்டடத்தில் லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுவிட்டதாம். அண்ணனைக் கூப்பிட்டிருக்கிறார்கள். கட்டடத்துக்குள் நுழையும்போதே உள்ளே மாட்டிக்கொண்ட பெண் போடுகிற சத்தம் வாசல் வரை கேட்டதாம். மண்டியில் ஏலம் விடுகிறவள். லிஃப்டை, அதைச் செய்தவனை, பழுது பார்க்கிறவனை, அவன் பரம்பரையை எல்லாம் வரிசையாக ஏலம் விட்டுக்கொண்டிருந்தாளாம்.

கதவை நெம்பித் திறந்தவன் அவள் திட்டி முடிக்கும் வரை பொறுமையாக நின்றிருக்கிறான். அப்புறம், பாடுவீங்களா என்று கேட்டிருக்கிறான்.

அடுத்த ஞாயிறு வருகிறாளாம். போனில் இதையெல்லாம் சொல்லிவிட்டு, நான் ஒன்றும் கேட்காமலே, "அவ மாதிரி இல்ல" என்றான். பிறகு, "மைக் ஒண்ணு வேணும். அடித்தட்டுல இருக்கறதாப் பாரு. உனக்குத்தான் அந்தத் தாடிக்காரரைத் தெரியுமே" என்றான்.